சாவி கைமாறாத சந்திப்பு: சேர்வராயன் மலை நடையில் நேர்ந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

வடகிழக்குப் பருவமழை சற்று ஓய்ந்திருந்த நவம்பர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. சேலத்தைச் சேர்ந்த நாங்கள் ஆறு பேர், சேர்வராயன் மலையின் மேற்பரப்பை ஒரு பெரிய சுற்றாக நடந்து முடிப்பது என்று தீர்மானித்திருந்தோம். எங்கள் கணக்கில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வரும் அந்தச் சுற்றை ஆறு துண்டுகளாகப் பிரித்து, மாதத்துக்கு ஒரு ஞாயிறு வீதம் நடந்துவந்தோம். இரவுத் தங்கல் கிடையாது. விடியுமுன் சேலத்திலிருந்து கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு ஏறி, ஒரு துண்டை நடந்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவோம்.

எங்களில் மூத்தவர் 67 வயதானவர்; வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். பள்ளி ஆசிரியை ஒருவருக்கு வயது 54. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர். அவருடைய கணவர், மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர், 28 வயது இளைஞர் ஒருவர், இதை எழுதும் நான் ஆகியோர் மற்ற நால்வர். கார் இரண்டு: என்னுடைய பழைய வெள்ளைக் கார், இளைஞருடைய புதிய சிவப்புக் கார்.

நாங்கள் நடந்த வழிக்குப் பெயரும் இல்லை, குறியும் இல்லை. மலைக்கிராமங்களை இணைக்கும் தார்ச்சாலை, காப்பித் தோட்டங்களுக்குள் வளைந்து போகும் ஜீப் பாதை, இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் ஊருக்கு ஊர் நடந்தே தேய்த்த ஒற்றையடிப்பாதை ஆகியவற்றை ஒட்டுப்போட்டு நாங்களே அமைத்துக்கொண்டது அது. காப்புக்காட்டுக்குள் போகும் வழிகளை விலக்கியிருந்தோம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்த பிறகு, வனத்துறையின் முன்அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடப்பதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளவும் கூடாது. தனியார் தோட்டங்களைப் பொறுத்தவரை, ஒவ்வொரு நடைக்கும் ஒரு வாரம் முன்னதாகத் தோட்ட மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகக் கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம்.

இரண்டு கார் முறை

ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடியும் நடைக்குக் காரால் வரும் சிக்கல் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நடந்து முடிக்கும் இடத்தில் கார் இருக்காது. இரண்டு கார் இருந்தால் இதை இரண்டு விதமாகத் தீர்க்கலாம். முதல் முறையில் இரண்டு காரையும் முடிவிடத்துக்கு ஓட்டிச்சென்று, ஒன்றை அங்கே நிறுத்திவிட்டு, எல்லோரும் மற்றதில் ஏறித் தொடக்கத்துக்கு வர வேண்டும். நடந்து முடித்ததும் முடிவிடத்துக் காரை எடுத்துக்கொண்டு போய்த் தொடக்கத்தில் விட்டதை மீட்க வேண்டும். இரண்டாவது முறையில் குழு இரண்டாகப் பிரிந்து, இரு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் எதிரெதிராக நடக்கிறது. நடுவழியில் சந்திக்கும்போது கார் சாவிகள் கைமாறுகின்றன. சாவி மாற்றும் இந்த முறையில் வண்டி ஓட்டும் நேரம் வெகுவாகக் குறைகிறது.

இந்த முறையை எங்களுக்குச் சொன்னவர் மூத்தவர். அவருடைய மகன் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறார். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்களைத் தொட்டு ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் ஓடும் அப்பலாச்சியன் நெடும்பாதையின் சில துண்டுகளை, மகன் குடும்பத்தோடு சாவி மாற்றி நடந்த அனுபவம் அவருக்கு உண்டு. அந்தப் பாதை முழுவதும், கண்ணில் படும் உயரத்தில் மரங்களிலும் பாறைகளிலும் வெள்ளைப் பட்டை தீட்டியிருக்கிறார்கள். பாதை ஒன்றே ஒன்று என்பதால், எதிரெதிராக நடப்பவர்கள் சந்திக்காமல் போக வழியில்லை. அவர் எங்களிடம் விவரித்தபோது அந்த வெள்ளைப் பட்டைகளைப் பற்றியும் சொன்னார். நாங்கள் சாவி மாற்றுவதை மட்டும் எடுத்துக்கொண்டு, பட்டையைக் கதையாகக் கேட்டுவிட்டு விட்டுவிட்டோம்.

முதல் மூன்று துண்டுகளை முதல் முறையில்தான் நடந்தோம். அப்போது நான்கு பேர், அதிகம் போனால் ஐந்து பேர். நான்காம் துண்டுக்கு முதன்முறையாக ஆறு பேரும் வந்தோம். ஐந்து பேர் உட்காரும் காரில் ஆறு பேரைத் திணித்து மலைச்சாலையில் ஓட்ட மூத்தவர் ஒப்பவில்லை. அது சரியான மறுப்பு. உள்ளூர் ஜீப் ஒன்றை ஒரு நடைக்கு மட்டும் வாடகைக்குப் பிடிக்கலாம் என்று ஆசிரியை சொன்னார். இரண்டு கார் கையில் இருக்கும்போது மூன்றாவதுக்கு எதற்குப் பணம் என்று நான்தான் மறுத்தேன். முறையை மாற்றியதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

மூன்றாம் துண்டில் நடந்த ஒரு சிறு சங்கதியையும் இங்கே சொல்ல வேண்டும். இளைஞரின் கார் பொத்தானை அழுத்திக் கிளப்பும் வகை. அன்று காலை அவர் தொடக்கத்தில் இறங்கிக்கொண்டு, வண்டியை நிழலில் விடச் சொல்லி மருந்துக்கடை நண்பரிடம் கொடுத்தார். சாவி தம் பையிலேயே இருந்ததை மறந்துவிட்டார். அவ்வகைக் கார், ஓடத் தொடங்கிய பிறகு சாவி தூரமாகப் போனாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு முறை அணைத்துவிட்டால் மட்டும் மறுபடி கிளம்பாது. நண்பர் 300 மீட்டர் தள்ளி நிறுத்தி அணைத்துவிட்டு, பூட்ட முடியாமல் நின்றார். சிரித்துக்கொண்டே சரிசெய்தோம். அதிலிருந்து, கிளம்பும் ஒவ்வொரு முறையும் “சாவி யார்கிட்ட?” என்று உரக்கக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தது. அந்தப் பழக்கம் எங்களுக்குத் தேவைக்கு மேல் தைரியத்தைக் கொடுத்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

அன்றைய ஏற்பாடு

நான்காம் துண்டு, நாகலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கொட்டச்சேட்டுச் சாலை வரை, எங்கள் வழியில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். காலை 6:30 மணிக்கு ஏற்காடு ஏரி அருகே தேநீர் குடித்துவிட்டுப் பிரிந்தோம். மூத்தவர், ஆசிரியை, நான் ஆகிய மூவரும் வெள்ளைக் காரில் நாகலூர்ப் பக்கம் போனோம். இனி இதை நாகலூர் அணி என்று குறிப்பிடுகிறேன். ஆசிரியையின் கணவர், மருந்துக்கடை நண்பர், இளைஞர் ஆகிய மூவரும் சிவப்புக் காரில் கொட்டச்சேட்டுப் பக்கம் போனார்கள். அது கொட்டச்சேடு அணி.

சேலத்திலிருந்து ஏற்காடு வரை ஆசிரியை சிவப்புக் காரில்தான் வந்திருந்தார். நடந்து முடிக்கும்போது அந்தக் காரில்தானே ஏறப்போகிறோம் என்ற கணக்கில், சால்வையையும் மாத்திரை டப்பாவையும் அதன் பின்னிருக்கையிலேயே வைத்துவிட்டு எங்களோடு மாறி ஏறினார். அந்தக் கணக்கில் தவறே இல்லை.

சந்திக்கும் இடம் “பலாமரத்து மேடு” என்று பேசிக்கொண்டோம். அக்டோபரில் நானும் இளைஞரும் அந்தப் பக்கம் போய்வந்தபோது, மூன்று பாதைகள் கூடும் ஒரு மேட்டில் பெரிய பலாமரம் ஒன்றைப் பார்த்திருந்தோம். நடுவழி, 10:30 மணி, முதலில் வருபவர் காத்திருப்பது, பேசிக்கொண்டது இவ்வளவுதான். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று பேசவில்லை. சந்திக்கவே முடியாவிட்டால் என்ன செய்வது என்றும் பேசவில்லை. வழித்தடத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் நானே கோடிழுத்து இருவர் கைப்பேசியிலும் ஏற்றியிருந்தேன்.

இரண்டு காருக்கும் மாற்றுச் சாவி இருந்தது. இரண்டும் சேலத்தில், அவரவர் வீட்டுப் பீரோவில் இருந்தன.

காலை: கண்டவை

நாகலூர் அணி 7:40-க்கு நடக்கத் தொடங்கியது. பனிமூட்டம் அடர்த்தியாக இருந்தது. சில்வர் ஓக் மரங்களின் அடிப்பகுதி மட்டும் தெரிந்தது, மேற்பாதி வெண்மைக்குள் கரைந்திருந்தது. காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கியிருந்த காலம். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அன்று முதல் இன்று வரை மேல்மலையின் பெரும்பகுதி நிழல்மரங்களுக்குக் கீழே காப்பிச் செடிகள்தான். இந்த நிகழ்வுக்கு அது முக்கியமான செய்தி. பழம் பறிக்கவும், மூட்டை இறக்கவும், மிளகுக்கொடி ஏறிய மரங்களைப் பராமரிக்கவும் ஒவ்வொரு தோட்டத்துக்குள்ளும் சரிவைச் சுற்றி அடுக்கடுக்காகப் பாதை வெட்டியிருப்பார்கள். ஒன்றைப் போலவே மற்றது இருக்கும். நிழல்மரக் கவிகையின் கீழே ஓடுவதால் இவற்றில் பாதி செயற்கைக்கோள் படத்தில் தெரிவதும் இல்லை. நான் இழுத்த கோடு, படத்தில் தெரிந்த பாதைகளின் மேல் மட்டுமே இழுத்த கோடு.

10:25-க்குப் பலாமரத்து மேட்டை அடைந்தோம். மற்றவர்கள் வந்திருக்கவில்லை. தட்டுவடைப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே காத்திருந்தோம். கைப்பேசியில் சமிக்ஞை இல்லை. 11:15 அளவில் கீழேயிருந்து மெல்லியதாக விசில் சத்தம் மூன்று முறை கேட்டது. ஏதோ ஊர்ப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று ஆசிரியை சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அது எங்கள் இளைஞர் ஊதிய விசில். கொட்டச்சேடு அணி நான்கு கிலோமீட்டர் வந்ததும், 9:40 மணியளவில், ஒரு தோட்டத்தின் கேட் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்ததைக் கண்டது. பழத் திருட்டுக்குப் பயந்து அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டுகிறார்களாம். நாங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டிருந்த செய்தி காவலாளிக்கு வந்து சேரவில்லை. அவர் மரியாதையாகவே கீழ்ப்பாதையைக் காட்டி அனுப்பியிருக்கிறார். கீழ்ப்பாதையில் போனவர்கள் 11:10-க்கு ஒரு பலாமரத்தை அடைந்தார்கள். அங்கும் பாதைகள் கூடின. இளைஞருக்கு இடம் சற்று வேறாகத் தோன்றியிருக்கிறது. ஆனால் பனியில் எல்லாமே சற்று வேறாகத்தான் தோன்றும் என்று தம்மையே சமாதானப்படுத்திக்கொண்டார். பின்னால் அளந்து பார்த்ததில் இரண்டு மரங்களுக்கும் இடையே நேர்கோட்டில் 400 மீட்டருக்கு மேல் இல்லை. நடுவில் ஒரு சரிவு, அது முழுக்கக் காப்பிச் செடி.

நடுவழி முடிவு

நாங்கள் 11:35 வரை, அதாவது எழுபது நிமிடம் காத்திருந்தோம். பிறகு மூவரும் கலந்து, முன்னே செல்வது என்று முடிவெடுத்தோம். எங்கள் காரணங்கள் இவை: அவர்கள் எங்களை நோக்கித்தான் வருகிறார்கள், ஆகவே முன்னே போனால் எதிரில் சந்திப்போம்; நடுவழியில் இருப்பதால் திரும்பும் தூரமும் முன்னேறும் தூரமும் ஒன்றே; திரும்பினால் நான்காம் துண்டு முடியாமல் போகும். மூன்றாவது காரணத்தை வாய்விட்டு யாரும் சொல்லவில்லை, ஆனால் மூவர் மனத்திலும் இருந்தது. கொட்டச்சேடு அணியும் தன் மரத்தடியில் ஐம்பது நிமிடம் காத்திருந்துவிட்டு, 12:00 மணிக்கு, கிட்டத்தட்ட இதே காரணங்களைச் சொல்லி முன்னே நடந்தது.

1:20-க்கு நாங்கள் அந்தப் பூட்டிய கேட்டின் உட்புறத்தை வந்தடைந்தோம். காவலாளி எட்டிப்பார்த்து, “காலைல மூணு பேரு வந்தாங்க சார். கீழ் ரோட்டுல போங்கன்னு நான்தான் சொல்லி விட்டேன். நீங்க அவங்க ஆளுங்களா?” என்றார். அப்போதுதான் நிலைமை முழுதாக விளங்கியது. வெள்ளைக் காரின் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. நாங்கள் போய்க்கொண்டிருந்ததோ சிவப்புக் காரை நோக்கி. காவலாளியின் கைப்பேசியிலிருந்து அழைத்துப் பார்த்தோம். மூன்று எண்களும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தன.

திரும்பலாமா என்று யோசித்தோம். வெள்ளைக் காருக்கு 10 கிலோமீட்டர் திரும்ப வேண்டும். எங்கள் வேகத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நவம்பர் கடைசியில் சேலத்தில் 5:50 அளவில் பொழுது சாய்கிறது, மரநிழலில் அதற்கு முன்பே இருட்டும். நான் மட்டும் வேகமாகத் திரும்பிப் போகிறேன் என்று சொன்னேன். பனியில், குறியில்லாத பாதையில் ஒருவர் தனியாகப் போவது கூடாது என்று மூத்தவர் தடுத்தார். காவலாளி கேட்டைத் திறந்துவிட, முன்னே நடந்தோம்.

மாலை

3:15-க்குச் சிவப்புக் காரை அடைந்தோம். சாலையோரம் ஒரு பள்ளத்தில் நின்றிருந்தது. அங்கும் சமிக்ஞை இல்லை. ஆசிரியையின் சால்வையும் மாத்திரை டப்பாவும் பின்னிருக்கையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மடிப்புக் கலையாமல் இருந்தன. சற்று நேரம் யாரும் பேசவில்லை. கண்ணாடியை உடைக்கலாமா என்ற கேள்வியை நானே எழுப்பினேன். மாத்திரை இரவுச் சாப்பாட்டுக்கு முன் போடுவது, கையில் இன்னும் தயிர்சாதம் இருக்கிறது, ஒரு வேளை மாத்திரை தள்ளிப்போவதால் இன்று எதுவும் ஆகிவிடாது என்று ஆசிரியையே நிதானமாகச் சொல்லிவிட்டார்.

4:40-க்கு ஏற்காடு போகும் பேருந்து ஒன்று வந்தது. ஏறிவிடலாம் என்று நான் துடித்தேன். மூத்தவர் மறுத்தார். அவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து எங்களைத் தேடிக் கிளம்பியிருப்பார்கள், நாமும் கிளம்பினால் காலையில் காட்டுக்குள் நடந்தது மாலையில் சாலையில் நடக்கும், ஒரே நாளில் இரண்டு தடவை ஒருவரை ஒருவர் தாண்டிப் போக வேண்டாம் என்பது அவர் வாதம். பேருந்து போய்விட்டது. அந்த முடிவைப் பற்றி இன்றும் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஏறியிருந்தால் ஊருக்குள் சமிக்ஞை கிடைத்து, ஒரு மணி நேரமாவது முன்னதாக முடிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அப்போது எங்களுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால், தொடர்பு கிடைக்காதவரை நகராமல் இருப்பதே சரி என்ற பக்கம்தான் நான் இப்போது நிற்கிறேன்.

அரை கிலோமீட்டர் மேலே இருந்த பெட்டிக்கடை மாலை 5 மணிக்கு மேல்தான் திறந்தது. கடைக்கார அம்மா எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, “அந்தப் பாறை மேல ஏறி நின்னீங்கன்னா டவர் கிடைக்கும் சாமி. சீக்கிரம் பேசிட்டு வந்துடுங்க. இருட்டுனா ரோட்டுல காட்டுமாடு வந்து நிக்கும்” என்றார். கடைக்குப் பின்னால் இருநூறு தப்படி தூரத்தில் இருந்தது அந்தப் பாறை. 5:30-க்கு அதன் மேல் நின்று அனுப்பிய குறுஞ்செய்தி இது: “மூவரும் சிவப்புக் காரிடம் நலம். நாங்கள் இடம் மாற மாட்டோம். நீங்கள் வாருங்கள்.”

கொட்டச்சேடு அணி 4:10-க்கே வெள்ளைக் காரை அடைந்திருந்தது. அவர்களுக்குக் காவலாளி மூலம் எதுவும் தெரிய வழியில்லை என்பதால், நாங்கள் தோட்டத்துக்குள் வழிதவறிவிட்டோம் என்றே நம்பினார்கள். மனைவி எங்கே என்று தெரியாத கணவரின் நிலையை விளக்க வேண்டியதில்லை. 5 மணிக்கு இளைஞர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போகக் கிளம்பியிருக்கிறார். “இன்னும் அரை மணி நேரம் பாரு தம்பி, அப்புறம் ஊர்க்காரங்களையும் கூட்டிக்கிட்டு எல்லாருமாப் போகலாம்” என்று மருந்துக்கடை நண்பர் பிடித்து நிறுத்தினார். அந்த அரை மணி நேரம் முடியும் தறுவாயில் செய்தி போய்ச் சேர்ந்தது. அன்றைய முடிவுகளிலேயே மிகச் சரியானது எது என்று கேட்டால், இந்த நிறுத்தலைத்தான் சொல்வேன்.

அதன் பிறகு நடந்தவை நேரானவை. அவர்கள் காலிச்சாக்கு ஏற்றிப்போன ஒரு குட்டியானையில் (சிறிய சரக்கு வண்டி) இடம் கேட்டு ஏற்காடு ஊருக்கு வந்து, அங்கே வாடகைக் கார் பிடித்து, 7:30-க்கு எங்களிடம் வந்தார்கள். அதுவரை கடைக்கார அம்மா தம் வீட்டுத் திண்ணையில் எங்களை உட்காரவைத்து, கட்டன் காப்பி கொடுத்து, மூத்தவருக்கு ஒரு கம்பளியும் போர்த்திவிட்டிருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்தபோதே சாலையில் இரண்டு காட்டெருமைகள் குறுக்கே வந்து, நகராமல் வெகுநேரம் நின்றன. இளைஞரும் நானும் சிவப்புக் காரில் போய் வெள்ளைக் காரை மீட்டோம். மற்ற நால்வரும் அதே வாடகைக் காரில் சேலம் இறங்கினார்கள். நான் வீடு சேர்ந்தபோது மணி 10:40. யாருக்கும் காயமில்லை. வாடகைகளுக்கு மட்டும் ஆன செலவு ஏறத்தாழ 3,400 ரூபாய். ஆசிரியை முதலில் சொன்ன ஜீப்புக்கு அதில் பாதிகூட ஆகியிருக்காது.

மறு ஆய்வு

அடுத்த ஞாயிறு மூத்தவர் வீட்டில் கூடி, அவரவர் நேரக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். பூட்டிய கேட், இரண்டு பலாமரம், பனி ஆகிய மூன்றையும் முதலில் குற்றம் சொன்னோம். அவை காரணங்கள்தான், ஆனால் சந்திக்காமல் போனதற்கு மட்டுமே காரணங்கள். சந்திக்காமல் போனது பெரிய சிக்கலாக மாறியதற்குக் காரணம் வேறு.

மருந்துக்கடை நண்பர் ஒரு காகிதத்தில் நான்கு கட்டம் போட்டுக் காட்டினார். சந்திப்பு தவறியதும் ஒவ்வோர் அணியும் முன்னே போகலாம், அல்லது வந்த வழியே திரும்பலாம். இரண்டு அணியும் திரும்பினால், ஒவ்வொருவரும் தம் சாவியோடு தம் காரிடமே போய்ச் சேருகிறார்கள், யாருக்கும் இழப்பில்லை. நாகலூர் அணி மட்டும் திரும்பினால், அது வெள்ளைக் காரை அடையும்; அங்கே கொட்டச்சேடு அணியும் வந்து சேரும். கொட்டச்சேடு அணி மட்டும் திரும்பினாலும் அப்படியே, சிவப்புக் காரிடம். ஆறு பேரும் ஒரே இடத்தில், இரண்டு சாவியோடும் ஒரு காரோடும் இருப்பார்கள். நான்கில் மூன்று கட்டங்கள் நல்லபடியாக முடிகின்றன. இரண்டு அணியும் முன்னே போவது என்ற ஒரே ஒரு கட்டம்தான் இரண்டு பூட்டிய காரில் போய் முடிகிறது. நாங்கள் தேடிப்பிடித்து அந்தக் கட்டத்தில் போய் நின்றோம்.

முன்னேறுவதும் திரும்புவதும் ஒரே தூரம் என்ற எங்கள் வாதம் கால் கணக்கில் சரி. சாவிக் கணக்கில் தவறு. யாரிடம் சாவி இருக்கிறது என்று காலையில் உரக்கக் கேட்டோமே தவிர, அந்தச் சாவி எந்தக் காரை நோக்கிப் போகிறது என்று நடுவழியில் கேட்கவில்லை. மூத்தவர் தம் பங்குக்கு, வெள்ளைப் பட்டை இல்லாத மலையில் வெள்ளைப் பட்டையை நம்பும் முறையைச் சொல்லிக்கொடுத்தது தம் தவறு என்றார். அதை நாங்கள் ஏற்கவில்லை. அவர் பட்டையையும் சேர்த்தே சொல்லியிருந்தார், நாங்கள்தான் கேட்கவில்லை.

விசில் பற்றியும் பேச்சு வந்தது. ஊதியவருக்கு அது அழைப்பு; கேட்டவர்களுக்கு வெறும் சத்தம். மூன்று ஊதினால் பதிலுக்கு இரண்டு ஊத வேண்டும் என்று முன்பே பேசியிருந்தால், 400 மீட்டர் சரிவை அரை மணி நேரத்தில் கடந்து சந்தித்திருப்போம்.

மாற்றியவை

மாற்றுச் சாவிகளை நடையன்று வீட்டிலேயே விட்டுவருவதை நிறுத்தினோம். கிளம்பும்போதே ஒவ்வோர் அணியும் தான் சென்றடையப்போகும் காரின் மாற்றுச் சாவியை வாங்கிக்கொள்கிறது. நடுவழிச் சந்திப்பு நடந்தால் மகிழ்ச்சி, நடக்காவிட்டாலும் நடை முடியும். சாவியைச் சக்கரத்துக்கு மேலோ சாலையோரக் கல்லுக்கு அடியிலோ ஒளித்துவைக்கலாம் என்ற யோசனையை ஒதுக்கிவிட்டோம். பொத்தான் வகைக் காரின் சாவி கதவருகே இருந்தால் கைப்பிடியைத் தொடுபவர் யாராயினும் கதவு திறந்துகொள்ளும் என்பதை இளைஞர் செய்தே காட்டினார்.

மாற்றுச் சாவி இல்லாத நாளில் சாவி மாற்றும் முறையே கூடாது. அன்று ஆறு பேர் வந்தால் ஜீப்புக்குப் பணம் கொடுத்துவிடுவது. சந்திக்கும் இடமாக இனி மரத்தையோ மேட்டையோ சொல்வதில்லை. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பேருந்து நிழற்குடை என்று ஊரில் ஒன்றே ஒன்றாக இருப்பதைத்தான் சொல்கிறோம். காத்திருக்கும் நேரம் முக்கால் மணி. பாதை வழியில் மாறினால், விலகிய அணிதான் திரும்ப வேண்டும், மற்றது காத்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி எழுதினோம். ஆனால் விலகியதே மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கும்போது அந்த விதி எப்படி வேலை செய்யும் என்று ஆசிரியை கேட்டார், அதை அடித்துவிட்டோம். தோட்ட அனுமதியை மேற்பார்வையாளரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், முந்தைய நாள் மாலை காவலாளியிடமும் தொலைபேசியில் சொல்லிவிடுகிறோம்.

பின்னர் நடந்தது

ஜனவரியில் ஐந்தாம் துண்டை ஆறு பேரும் இரு அணியாக நடந்தோம். ஒரு பள்ளிக்கூட வாசலில் 10:50-க்குச் சந்தித்தோம். மாற்றுச் சாவிகள் கையிலேயே இருந்ததால் எதையும் மாற்ற வேண்டிய தேவை இல்லை. புளிசாதத்தை மட்டும் மாற்றிக்கொண்டோம். திரும்பும் வழியில் அந்தப் பெட்டிக்கடையில் நிறுத்தி, கடைக்கார அம்மாவுக்குச் சேலத்திலிருந்து கொண்டுபோயிருந்த ஒரு புதிய கம்பளியைக் கொடுத்தோம். இந்த முறை மறுக்கவில்லை.

நான்காம் துண்டை மேல்பாதையில் நடக்கவில்லை என்பதால் தன் கணக்கில் அது இன்னும் பாக்கி என்கிறார் இளைஞர். ஆறாம் துண்டில் ஓரிடம் காப்புக்காட்டைத் தொடுவதால், வனத்துறை அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறோம். வெள்ளைக் காரின் மாற்றுச் சாவி இப்போது இளைஞரின் வீட்டுப் பீரோவிலும், சிவப்புக் காருடையது என் வீட்டுப் பீரோவிலும் இருக்கின்றன.